சான்றிதழ் உங்களுக்கு வேண்டும், தேர்வுக்கு முந்தைய இரவு எங்களுக்கு வேண்டும்

பெறுநர்: சேலம் மாவட்டத் தொழிற்சாலைகளின் நிர்வாக இயக்குநர்கள், ஆலை மேலாளர்கள், பணியாளர் துறைத் தலைவர்கள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இந்த மாவட்டத்து ஆலை ஒன்றின் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு அலுவலகம்) பலகையில் அண்மையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கையை, அங்கே வேலை செய்யும் இளம் பொறியாளர்கள் என்னிடம் காட்டினார்கள். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. எரிசக்தி மேலாளர், கொதிகலன் இயக்கப் பொறியாளர் முதலான தகுதிச் சான்றுத் தேர்வுகளை எழுதுவோருக்குத் தனி விடுப்பு கிடையாது, ஷிப்ட் மாற்றமும் செய்து தரப்படாது என்பது முதல் செய்தி. தேர்ச்சி பெற்றவர்கள், முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள் சான்றிதழின் நகலைப் பணியாளர் பிரிவில் ஒப்படைக்க வேண்டும் என்பது இரண்டாவது செய்தி. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையொப்பத்தின்கீழ் இருந்தன. கையொப்பமிட்டவருக்கு இவற்றுக்கிடையே முரண் எதுவும் தெரியவில்லை போலும்.

அந்த ஆலையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அங்கே தாளில் அச்சானது, வேறு பல ஆலைகளில் வாய்மொழியாகவே நடந்து வருகிறது என்பதை இத்தொழிலில் இருக்கும் எவரும் அறிவர். ஆகவே உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். நான் எரிசக்தி மேலாளர் சான்று பெற்றவன். கொதிகலன், கம்ப்ரசர், குளிர்விப்புக் கோபுரம் எல்லாம் அடங்கிய யூட்டிலிட்டி பிரிவில் பல்லாண்டுகளாக வேலை செய்து வருகிறேன். ஷிப்ட் பட்டியல் போடும் பொறுப்பையும் சுமந்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்றால் என்ன என்று எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சான்றிதழ் முதலில் யாருக்குத் தேவை? 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ், அதிக எரிசக்தி நுகர்வோர் என்று அறிவிக்கப்பட்ட ஆலைகள், வரையறுக்கப்பட்ட தகுதியுள்ள எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். தவறினால் பத்து இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அதே சட்டம் இடம் தருகிறது. இரும்பு உருக்கு, அனல்மின், ஜவுளி, குளோர் ஆல்கலி (காஸ்டிக் சோடா, குளோரின் தயாரிப்பு) ஆகிய துறைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உருக்காலையும், மேட்டூர் அனல்மின் நிலையமும், இத்தனை நூற்பாலைகளும் இருக்கும் மாவட்டத்தில் இது யாருக்கோ எழுதிய சட்டம் என்று இருந்துவிட முடியாது. கொதிகலனை எடுத்துக்கொண்டால், மொத்த வெப்பப் பரப்பு (வெப்பம் படும் பரப்பு) 1000 சதுர மீட்டரைத் தாண்டும் கொதிகலன்கள் ஒரு கொதிகலன் இயக்கப் பொறியாளரின் நேரடிப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு விதி. 1923-ஆம் ஆண்டின் பழைய கொதிகலன் சட்டம் போய் 2025-இல் புதிய சட்டம் வந்த பிறகும், தகுதியுள்ளவர் இல்லாமல் கொதிகலனை ஓட்டக்கூடாது என்ற அடிப்படை மாறவில்லை. சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட் சுரங்கமானாலும், தகுதிச் சான்று பெற்ற மேலாளர் இல்லாமல் அதை நடத்த முடியாது.

இவற்றில் எந்தச் சட்டமும் பொறியாளரைப் பார்த்துப் பேசவில்லை. உரிமையாளரைப் பார்த்தே பேசுகிறது. ஆய்வுக்கு அதிகாரி வரும்போது எங்கள் சான்றிதழின் நகல்தான் உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது. சில ஆலைகளில் அது வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் தொங்குகிறது. ஆனால் அதற்கான தேர்வு மட்டும் எங்கள் சொந்தக் காரியமாகவும், பெண் பார்க்கப் போவதற்கும் காது குத்துக்கும் கேட்கும் விடுப்போடு ஒன்றாக வைத்து மறுக்கப்படுவதாகவும் இருப்பது எப்படி நியாயமாகும்?

தேர்வு என்றதும் இரண்டு மணி நேரம் கட்டம் கறுப்பாக்கிவிட்டு வருவது என்று நினைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள் என்பதால், நான் எழுதிய எரிசக்தி மேலாளர், தணிக்கையாளர் தேர்வு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தேர்வு. நாளுக்கு இரண்டு தாள். முதல் மூன்று தாள்கள் ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். ஐம்பது ஒற்றை மதிப்பெண் கேள்விகள், ஐந்து மதிப்பெண்ணில் எட்டு, பத்து மதிப்பெண்ணில் ஆறு. தணிக்கையாளர் ஆக விரும்புவோர் எழுதும் நான்காம் தாளுக்கு 100 மதிப்பெண், இரண்டு மணி நேரம். எந்தத் தாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தாலும் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.2 நிமிடமே வருகிறது. பத்து மதிப்பெண் கணக்கைப் படித்து, எந்தச் சூத்திரம் என்று முடிவு செய்து, அலகு மாற்றி, படிப்படியாக எழுதி, விடையைக் கோடிட்டுக் காட்ட உங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம். ஒவ்வொரு தாளிலும் பாதி மதிப்பெண் எடுத்தாக வேண்டும். ஒன்றில் கூடியது இன்னொன்றின் குறையை நிரப்பாது.

நான்காம் தாள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதுவது. இதைக் கேட்டதும் "அப்புறம் என்னப்பா, பார்த்துத்தானே எழுதப் போற" என்று ஒரு மேலதிகாரி என்னிடம் சிரித்தார். பார்த்து எழுதும் தேர்வுக்குத்தான் முன்தயாரிப்பு அதிகம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நான்கு வழிகாட்டிப் புத்தகங்கள், நீராவி அட்டவணை, சைக்ரோமெட்ரிக் சார்ட் (காற்றின் ஈரப்பத வரைபடம்), சொந்தக் குறிப்பேடு எல்லாவற்றையும் ஒரு மர பெஞ்சின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் எந்தப் பக்கத்துக்குப் போவது என்று தேடத் தொடங்குபவர் தேடிக்கொண்டே இருப்பார். அதனால் நாங்கள் பக்க ஓரங்களில் வண்ணச் சீட்டுகளை ஒட்டுகிறோம்: கொதிகலனுக்குச் சிவப்பு, உலைக்கு மஞ்சள், பம்புக்கு நீலம் என்று. என் நீராவி அட்டவணையின் முதல் பக்கத்தில் "கேஜ் 10 என்றால் 11-ஐப் பார்" என்று பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தேன். அட்டவணை, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த அப்சல்யூட் அழுத்தத்தில் இருக்கிறது. கொதிகலன் அறையில் நாங்கள் அன்றாடம் படிப்பதோ அதைச் சேர்க்காத கேஜ் அழுத்தம். 10 பார் அப்சல்யூட்டில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 180 டிகிரி. 10 பார் கேஜில் 184. நான்கு டிகிரிதான் என்றாலும், தவறான வரிசையில் எடுத்த என்தால்பி (நீராவியில் உள்ள வெப்பத்தின் அளவு) கணக்கின் கடைசி வரி வரைக்கும் கூடவே வரும்.

இந்த வேலையெல்லாம் மாதக்கணக்கில் முன்பே முடித்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் கடைசி இரண்டு நாட்களில் செய்ய வேண்டியது வேறு. ஒட்டிய சீட்டுகளைக் கைக்குப் பழக்க வேண்டும்; பழைய கணக்கு இரண்டைக் கடிகாரம் வைத்துப் போட வேண்டும்; கால்குலேட்டரில் பேட்டரி மாற்றி, அதே மாதிரியில் இன்னொன்றையும் எடுத்து வைக்க வேண்டும் (புதிய மாதிரியில் விரல்கள் பழைய இடத்தைத் தேடும்); நுழைவுச் சீட்டையும் அதிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் அடையாள அட்டையையும் ஒரே உறையில் போட வேண்டும்; மையம் இருக்கும் ஊருக்கு முந்தைய மாலையே போய், அந்தக் கல்லூரி எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் வரும் என்று பார்த்துவிட்டு வர வேண்டும். பிறகு தூங்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் நீங்கள் தர மறுக்கிறீர்கள்.

எங்கள் பிரிவில் இருந்த ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தேர்வு. வெள்ளி இரவு பத்து மணிக்கு அவருக்கு சி ஷிப்ட். மாற்றிக் கேட்டார், பட்டியல் போட்டாயிற்று என்றார்கள். விடுப்புக் கேட்டார்; அந்த வாரம் ஏற்கெனவே ஒருவர் விடுப்பில் இருந்தார். கடைசியில் பெரிய மனது பண்ணி, பின்னிரவு இரண்டு மணிக்கு மேல் பர்மிஷன் போட்டுக் கிளம்பச் சொன்னார்கள். அரை ஷிப்ட் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்திட்டு, சேலம் ஜங்ஷனுக்கு வண்டியில் பறந்து, சென்னையிலிருந்து வரும் சேரன் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிப்பறைக் கதவோரம் புத்தகப் பையின் மேலேயே உட்கார்ந்து போனார். கோயம்புத்தூர் நிலையத்தின் கட்டணக் குளியலறையில் குளித்துவிட்டு, சீருடைச் சட்டையை மாற்றிக்கொண்டு, பசி தெரியாமல் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டுத் தேர்வறைக்குள் நுழைந்தபோது அவர் விழித்திருந்த நேரம் ஒரு முழு நாளைத் தாண்டிவிட்டது.

முதல் தாள் ஒருவாறு ஓடிவிட்டது. பிற்பகல் இரண்டாம் தாள், வெப்பப் பயன்பாடுகள் பற்றியது. அவருடைய சொந்தக் களம். அதில் பத்து மதிப்பெண்ணுக்கு, மறைமுக முறையில், அதாவது இழப்புகளை நூறிலிருந்து கழித்து, கொதிகலன் திறனைக் கண்டுபிடிக்கும் கணக்கு. புகைபோக்கி வாயுவின் வெப்பநிலை 210 டிகிரி, வெளிக்காற்று 30 டிகிரி. வித்தியாசமான 180-ஐப் பெருக்க வேண்டிய இடத்தில் 210-ஐ அப்படியே பெருக்கினார். வறண்ட புகைவாயு இழப்பு ஏறிப்போக, திறன் இறங்கிப்போக, விடை கண்ணுக்குச் சரியில்லை என்று தோன்றியதும் முழுக் கணக்கையும் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அடுத்த கணக்குக்கு உரிய நிமிடங்கள் அதிலேயே போயின. மூன்று ஆண்டுகளாக, வாரந்தோறும் எங்கள் கொதிகலனுக்கு அதே கணக்கை எக்செல் தாள் இல்லாமல் கையால் போட்டுக் கொடுத்தவர் அவர். இரண்டாம் தாளில் சில மதிப்பெண்களில் தவறினார். அடுத்த தேர்வு அடுத்த ஆண்டு. முடிவு வந்த அன்று அலுவலகத்தில் கிடைத்த ஆறுதல், "இன்னும் கொஞ்சம் சீரியஸா படிச்சிருக்கலாம்" என்பது.

தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருப்பவருடைய கவனமும் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவருடைய நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 0.03 சதவீதம். ஆண்டுதோறும் மார்ச் 4-ஆம் தேதி பாதுகாப்பு நாளன்று உங்கள் வளாகத்தில் உறுதிமொழி வாசிக்கிறோம்; களைப்போடு இயந்திரத்தின் அருகே போகாதே என்று சுவரெல்லாம் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதே களைப்போடு ஒருவரைத் தேர்வறைக்கு அனுப்புவதில் மட்டும் ஆட்சேபணை இல்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், சிறியதுதான். நான் எழுதிய தேர்வின் மதிய இடைவேளையில், வாயிலில் ஒப்படைத்திருந்த போனைத் திரும்ப வாங்கி ஆன் செய்தபோது, ஆலையிலிருந்து வந்த தவறிய அழைப்புகள் வரிசையாக இருந்தன. கொதிகலனுக்கு நீர் தரும் ஃபீட் பம்ப் நின்றுவிட்டது, மாற்றுப் பம்பும் ஓடவில்லை, அதற்கு நீர் வரும் சக்ஷன் வால்வு எங்கே என்று கேட்டார்கள். எங்கே என்று சொன்னேன். அந்த வால்வு பல்லாண்டுகளாக அதே இடத்தில்தான் இருக்கிறது. சாப்பிடவும் அடுத்த தாளின் குறிப்புகளைப் புரட்டவும் இருந்த நேரத்தில் பாதி, பம்பை மீண்டும் ஓட்டுவதிலேயே போயிற்று.

கொதிகலன் இயக்கப் பொறியாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்களின் குறை தேர்வு நாள் வரைக்கும்கூடப் போவதில்லை. அனுபவச் சான்றிதழிலேயே நின்றுவிடுகிறது. எந்தக் கொதிகலனில், எவ்வளவு காலம், என்ன பொறுப்பில் வேலை செய்தார் என்று உரிமையாளர் தரப்பு எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். நண்பர் ஒருவர் தம் ஆலையில் இதைக் கேட்டபோது, கையொப்பமிடும் அதிகாரம் தலைமை அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு என்று தாள் வெளியூர் போயிற்று. வந்து சேர்ந்தபோது, வெப்பப் பரப்பு என்ற இடத்தில் சதுர மீட்டருக்குப் பதிலாக "மணிக்கு இத்தனை டன்" என்று எழுதியிருந்தது. அது கொதிகலன் எவ்வளவு நீராவி தரும் என்ற அளவு. விதி கேட்பதோ வெப்பம் படும் பரப்பு. அந்த எண் கொதிகலனின் பதிவுப் புத்தகத்திலேயே இருக்கிறது. கொதிகலன் அறையில் யாரைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை. திருத்தி வாங்குவதற்குள் கடைசித் தேதி போய்விட்டது. அந்த ஆலை இன்று வரைக்கும் வெளியிலிருந்து, அதிகச் சம்பளத்துக்கு, சான்று பெற்ற ஒருவரை அமர்த்தி ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தாளில் ஒரு எண்ணைச் சரியாக எழுதாததற்கு நிர்வாகம் மாதந்தோறும் கொடுக்கும் விலை அது. அதைச் செலவுக் கணக்கில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை என்பது வேறு.

ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்து வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்த குடும்பங்களிலிருந்து படித்து வந்து, டிப்ளமோவோ பட்டமோ முடித்து, இன்று உங்கள் ஆலைகளில் ஷிப்ட் இன்சார்ஜாக இருப்பவர்கள் சிலரை நான் அறிவேன். சேலத்துக்காரர் விடியற்காலை ரயிலுக்கு வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். மலையில் இருப்பவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் முந்தைய மாலையே, கடைசிப் பேருந்துக்குள், இறங்கியாக வேண்டும். மூடுபனியும் மழையும் சேர்ந்துகொள்ளும் மாதங்களில் இரு சக்கர வண்டியை நம்பி இரவில் அந்தச் சாலையில் இறங்குவதை எந்தத் தாயும் ஒப்ப மாட்டாள். சென்னையில் மையம் என்றால் சேலத்திலிருந்தே முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். இவருக்குத் தேர்வுக்கு முந்தைய நாளும் தேர்வு நாள்தான். அந்த நாளில் பொது ஷிப்ட் முடிந்து ஐந்தரை மணிக்கு வெளியே விட்டால்கூட அவருக்கு அது விடுப்பு ஆகாது. சமமான விதி என்று நீங்கள் சொல்வது, அடிவாரத்தில் இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் ஒரே பாரமாக இறங்குவதில்லை.

இவற்றுக்கு உங்கள் தரப்பில் சொல்லப்படும் பதில்கள் எனக்குத் தெரியும். பாதி ஞாயமும் இருக்கிறது. சான்றிதழ் வாங்கியதும் வேறு ஆலைக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது முதலாவது. ஓடுகிறார்கள்தான். ஆனால் யார் ஓடுகிறார்கள் என்று ஒருமுறை உங்கள் பதிவேட்டையே புரட்டிப் பாருங்கள். தேர்வுக்கு அனுப்பி வைத்து, தேர்ச்சி பெற்றதும் பொறுப்பும் படியும் கூட்டிக் கொடுத்த இடத்திலிருந்து போனவர்களையும், மறைந்து மறைந்து படித்து, உடம்பு சரியில்லை என்று பொய்ச் சீட்டு வாங்கித் தேர்வெழுதப் போன இடத்திலிருந்து போனவர்களையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். நான் பழகிய வட்டத்தில் இரண்டாம் வகையினரே போயிருக்கிறார்கள். பாண்ட் எழுதி வாங்கிக்கொள்ள விரும்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பாண்ட் கேட்கும் நிர்வாகம் விடுப்பும் கொடுத்தாக வேண்டும்.

ஈட்டிய விடுப்பு இருக்கிறதே, அதில் போகலாமே என்பது இரண்டாவது. அது குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எடுப்பதற்கும், ஊர்த் திருவிழாவுக்கும் உள்ளது. ஆலைக்காக எழுதும் தேர்வுக்கு அதைச் செலவழிக்கச் சொல்வது, ஆலைக்கு வாங்கும் ஸ்பானருக்கு எங்கள் பையிலிருந்து பணம் கேட்பது போன்றது. அதையும் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் கடைசி நேரத்தில் மறுப்பே கிடைக்கிறது என்பதுதான் நான் பார்த்தது.

மூன்றாவது பதில், ஆளில்லை என்பது. ஜவ்வரிசி ஆலை போன்ற சிறு தொழில்களில், இரண்டே பொறியாளர்களை வைத்துக்கொண்டு சீசனில் இரவு பகலாக ஓட்டுபவர்கள் சொன்னால் எனக்குப் புரிகிறது. அவர்களோடு சண்டைக்கு வரவில்லை. பெரிய ஆலைகள் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. தேர்வுத் தேதி மாதங்களுக்கு முன்பே அறிவிக்கப்படுகிறது. டர்பைன் ஓவர்ஹாலுக்கும் ஆண்டு ஷட்டவுனுக்கும் ஓராண்டுக்கு முன்பே நாள் குறிக்கத் தெரிந்த திட்டமிடல் பிரிவுக்கு, இரண்டு பேரின் சி ஷிப்டைக் காலை ஏ ஷிப்டாக மாற்றி எழுதத் தெரியாதா? நான் பட்டியல் போட்ட காலத்தில் தேர்வு எழுதுபவர்களின் பெயரை முதலில் எழுதிவிட்டு, மற்றவர்களை அதைச் சுற்றி நிரப்புவேன். முணுமுணுப்பு வரும். அடுத்த ஆண்டு உன் முறை என்றதும் அடங்கிவிடும். ஒருநாளும் கொதிகலன் ஆளில்லாமல் நின்றதில்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. அந்தச் சுற்றறிக்கையை ஒட்டிய நிர்வாகம் அதைத் திரும்பப் பெற வேண்டும். வாய்மொழியாக அதே வழக்கத்தை வைத்திருப்பவர்கள், அதற்கு மாறான விதியை எழுத்தில் வெளியிட வேண்டும். சட்டப்படி ஆலைக்குத் தேவைப்படும் எந்தத் தகுதிச் சான்றுத் தேர்வானாலும், அதற்கு முந்தைய இரண்டு இரவுகளில் அதை எழுதுபவருக்கு இரவு ஷிப்ட் போடக்கூடாது. தேர்வு முடிந்து ஊர் திரும்பும் இரவிலும் போடக்கூடாது. தேர்வு நாட்களும், வெளியூர் மையமானால் பயண நாளும், ஆன் டூட்டியாகக் கருதப்பட வேண்டும். தேர்வுக் கட்டணத்தையும் ரயில் கட்டணத்தையும் தேர்ச்சி பெற்ற பிறகு தருவதாகச் சொல்லாமல், எழுதி வந்ததும் தர வேண்டும். தவறியவரின் பயணமும் உங்கள் ஆலைக்காகச் செய்த பயணமே.

அனுபவச் சான்றிதழ் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் கிடைக்க வேண்டும். அதில் கையொப்பமிடும் அதிகாரத்தை இங்கே உள்ள ஆலை மேலாளருக்கே கொடுங்கள். வெப்பப் பரப்பு, அழுத்தம், கொதிகலன் பதிவு எண் போன்ற தொழில்நுட்ப விவரங்களை யூட்டிலிட்டிப் பிரிவுத் தலைவர் நிரப்பிய பின்பே தட்டச்சுக்குப் போகட்டும். தேர்வு எழுதப் போகிறவரின் பொறுப்பை முந்தைய நாளே இன்னாரிடம் ஒப்படைத்தாயிற்று என்று லாக் புக்கில் பெயரோடு எழுதி, அந்த இரண்டு நாளும் அவருக்குப் போன் செய்யக்கூடாது என்று கட்டுப்பாட்டு அறைக்கு உத்தரவிடுங்கள். நான்கு வழிகாட்டிப் புத்தகங்களிலும் இரண்டிரண்டு படிகளும் நீராவி அட்டவணையும் பயிற்சி அறையில் இருக்கட்டும். ஷிப்ட் முடிந்து ஓரிரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து படிக்க அனுமதி இருக்கட்டும். அதற்கு ஆகும் செலவு, ஒரு நீராவிப் பொறி (ஸ்டீம் ட்ராப், குழாயில் தேங்கும் நீரை மட்டும் வெளியேற்றும் கருவி) ஒழுகுவதால் ஒரு மாதத்தில் போகும் எரிபொருளின் விலைகூட இராது. மலையிலிருந்து வருபவர்களுக்கு, தேர்வுக்கு முந்தைய நாள் மதியத்துக்கு மேல் வேலை இல்லை என்று தனியாகவே குறித்துவிடுங்கள்.

பெரும்பாலான ஆலைகளில் அடுத்த மாதத்து ஷிப்ட் பட்டியல் 25-ஆம் தேதி வாக்கில் தயாராகிறது. அதற்கு முன் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன். ஆள் போதாது என்று உண்மையாகவே நினைக்கும் நிர்வாகம் எதுவானாலும், தன் பிரிவின் பெயர்ப் பட்டியலையும் தேர்வுத் தேதியையும் எடுத்து வைக்கட்டும். நான் நேரில் வந்து, உங்கள் முன்னாலேயே அந்த மாதத்துப் பட்டியலைப் போட்டுக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
சான்று பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவர்,
சேலம்.